டேப் ஒட்டிய வீடு

பட்டாணியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்த நாளில் வானம் காலையிலிருந்தே மூடிக்கொண்டு கிடந்தது. இதோ கொட்டப்போகிறேன் என்று பயமுறுத்திக்கொண்டே இருந்ததே தவிர, ஒரு தூறல்கூடப் போடவில்லை. காரின் பின்சீட்டில் ஊசி, தன் மடியில் பழைய துண்டை விரித்து, அதன்மேல் நாயைப் படுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய நாய். முகத்தின் இடது பக்கம் முழுக்க முடியை மழித்திருந்தார்கள். கண் இருந்த இடத்தில் இமைகள் இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்தது. தையல் நன்றாகத்தான் இருந்தது. தையலைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

ஊசி என்பது அவள் பெயர் இல்லை. நகரத்து நாடக அரங்கில் உடை தைக்கிறவள் அவள். எப்போதும் வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவாள் என்பதால் வந்த பட்டம். அவள் கணவன் அதே அரங்கில் மேடை மேலாளர். எந்த நேரமும் மணிக்கட்டில் ஒரு டேப் சுருளை வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு திரிகிறவன். அவனுக்கு டேப்பு என்று பெயர். இரண்டு பேருக்கும் கல்யாணம் என்றதும், "ஊசியும் டேப்பும் சேந்தாச்சு, இனிமே இங்க எது கிழிஞ்சாலும் கவலையில்ல" என்று நடிகர்கள் கேலி செய்தார்கள்.

காதல் வந்த கதையும் அந்த டேப்பில்தான் தொடங்கியது. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே விளக்குகள் அத்தனையும் அணையும். அந்தக் கும்மிருட்டில் திரைக்குப் பின்னால் ஓடிப்போய் நடிகைக்கு உடை மாற்றிவிட வேண்டியது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் படியில் தடுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். மறுநாள் இருட்டில் பார்த்தால், அவள் ஓடும் வழி நெடுக, படி ஓரங்களில், மேசைக் கால்களில், இளம்பச்சையாக மினுங்கும் டேப் துண்டுகள். ஒட்டியவன் வாயைத் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் விழுந்ததில்லை. ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று அவள் நினைத்தாள், கட்டிக்கொண்டாள்.

பட்டாணி அவர்களுடைய நாய் இல்லை. மாமியாருடையது. அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் ஹெட்போன் மாட்டி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரலைக் கேட்டே ஆள் பொய் சொல்கிறானா, சாப்பிட்டானா, சண்டை போட்டுவிட்டு வந்தானா என்று சொல்லிவிடுவார். தூர தேசத்தில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் என்று கிளம்பும்போது, பெட்டியை விட நாயைத்தான் கடைசிவரை கையில் வைத்திருந்தார். "என் உயிரை உங்கிட்டதான் குடுத்துட்டுப் போறேன். அவனை நம்பிக் குடுக்கல, உன்னை நம்பிக் குடுக்கறேன்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனார். மாமியார் அவளைப் பாராட்டிய முதல் வாக்கியம் அது. அதனாலேயே அது ஒரு கல் மாதிரி மனதில் உட்கார்ந்துவிட்டது.

அவர் போன பிறகுதான் இடது கண் வீங்கியது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை போய், கடைசியில் வலி மட்டும்தான் மிச்சம் என்று டாக்டர் சொன்னபோது, எடுத்துவிடுங்கள் என்று சம்மதம் சொன்னது ஊசிதான். வேறு வழி இருக்கவில்லை. இருந்தாலும் சொன்னது அவள் வாய்.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். நடுத்தர வயதுப் பெண். சத்தமே இல்லாத குரல்.

"இந்த நோய் ஒரு கண்ணோட நிக்கிறது ரொம்பக் கம்மி. எடுத்த கண்ணைப் பத்திக் கவலைப்படாதீங்க, அது ஆறிடும். இருக்கிற கண்ணுதான் இப்ப நம்ம கையில இருக்கு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சொட்டு மருந்து. மருந்துனால கண்ணு கொஞ்சம் சிவக்கும், நடுவுல இருக்கிற கருப்பு வட்டம் சின்னதாகும். அதுக்குப் பயப்பட வேணாம். ஆனா நடக்கும்போது கவனிங்க. நல்ல கண்ணு இருக்கிற பக்கம் எதையாவது இடிச்சுதுன்னா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. அன்னைக்கே கொண்டு வாங்க."

"இடிக்கவே விட மாட்டேன் டாக்டர்" என்றான் டேப்பு.

சத்தியம் செய்கிற மாதிரித்தான் சொன்னான். அந்தச் சத்தியத்தை அவன் எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினான். வினையே அதில்தான் இருந்தது.

முதல் சில நாட்கள் வீடு வீடாகவே இல்லை. மயக்க மருந்து தெளியத் தெளிய நாய் முனகியது. மூக்கிலிருந்து இளஞ்சிவப்பாக ஒழுகியது. அது இயல்புதான் என்று டாக்டர் சொல்லியிருந்தும், ஊசி ஒவ்வொரு தடவையும் பஞ்சால் துடைத்துவிட்டு அந்தப் பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தையலைச் சொறியாமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பு கதவில் இடித்தது, கட்டில் காலில் இடித்தது, சுவரை உரசிக்கொண்டு கரகரவென்று சத்தம் போட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் இருவரும் துள்ளி எழுந்தார்கள். கூம்பினால்தான் இடிக்கிறது, கண்ணால் இல்லை என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

இரண்டு பேரும் தங்கள் தொழிலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஊசி, பழைய ராஜா வேஷத்தின் மிச்சத் துணியை எடுத்து, பஞ்சு திணித்து, மெத்தென்று ஒரு கழுத்து வளையம் தைத்தாள். கருஞ்சிவப்பு வெல்வெட். அதை மாட்டிக்கொண்டு பட்டாணி நாற்காலியில் உட்கார்ந்தபோது, பட்டம் போன ஒற்றைக்கண் ராஜா மாதிரி இருந்தது. அந்த வாரத்தில் அவர்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

டேப்பு மேடை போட்டான். கூடத்தில் இருந்ததை எல்லாம் சுவரோரம் தள்ளினான். சாப்பாட்டு மேசை, நாற்காலிகள், செருப்பு வைக்கும் பலகை, குடைக் கூடை ஒவ்வொன்றின் கால் நிற்கும் இடத்திலும் தரையில் டேப் ஒட்டினான். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள் அதன் நாலு காலையும் திரும்ப அந்த நாலு டேப்பின்மேல் நிறுத்திவிட்டுத்தான் நகரலாம். தண்ணீர்க் கிண்ணத்துக்கு ஒரு வட்டம். படுக்கைக்கு ஒரு சதுரம். படுக்கையிலிருந்து கிண்ணத்துக்கும், கிண்ணத்திலிருந்து வாசலுக்கும் ஒரு துரும்புகூடக் குறுக்கே இல்லாத பாதை. பால் ஊற்றவந்த பக்கத்து வீட்டு அக்கா காலி நாற்காலியைச் சாய்வாக விட்டுவிட்டுப் போனதற்கு, அவள் படியிறங்கும் முன்பே எழுந்து போய் நேராக்கினான். "உங்க வீட்டுல உக்காரவே பயமா இருக்கு. எந்திரிச்சா விளக்கு அணைஞ்சு திரை விழுந்துடும் போல" என்று அந்த அக்கா ஊசியிடம் முனகிவிட்டுப் போனாள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. குருட்டுப் பக்கமாகத் திடீரென்று தொட்டால் நாய் பதறும் என்பதால், யார் அறைக்குள் வந்தாலும் முதலில் குரல் கொடுத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். "பட்டாணி, நான்தான்டா" என்றபடியே இருவரும் வீட்டுக்குள் நடமாடினார்கள். பிஸ்கட்டை முன்போல் தூக்கிப் போடுவதில்லை. கையில் வைத்து, வாயருகே கொண்டுபோய் ஊட்டினார்கள்.

மாமியாரிடம் சொல்லவில்லை. அது டேப்புவின் முடிவு. பச்சை உடம்புக்காரி இருக்கும் வீடு, அம்மா அங்கே அழுதுகொண்டு உட்கார்ந்தால் தங்கைக்குத் தாங்காது, வந்ததும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். ஊசிக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் தைரியமும் வரவில்லை. அதனால் போனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் டேப்பு பட்டாணியின் வலது பக்கம் மட்டும் திரையில் தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டான். "ஹீரோவுக்கு இந்தப் பக்கம்தான் அழகு" என்று அவன் சொல்லும்போது ஊசி திரைக்கு வெளியே நகர்ந்துகொள்வாள்.

தையல் பிரித்த அன்று டாக்டர் வலது கண்ணின் அழுத்தத்தை அளந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். அடுத்து ஒரு மாதம் கழித்து வந்தால் போதும். வளையத்தைக் கழற்றியாயிற்று. மழித்த இடத்தில் பூனை முடி மாதிரி வளர ஆரம்பித்தது. பட்டாணி படுக்கையிலிருந்து எழும், நேராகக் கிண்ணத்துக்குப் போகும், குடிக்கும், அங்கிருந்து வாசலுக்குப் போய் வெயிலில் படுக்கும். ஒன்றிலும் படாது, ஒன்றையும் தட்டாது. டேப்பு கைகட்டி நின்று, நல்ல ஒத்திகை பார்த்தவன் போல் அதை ரசிப்பான். ஒரு நாயால் இவ்வளவு சுத்தமாக நடக்க முடியுமா என்று ஊசிக்கு ஒரு கணம் தோன்றும். தோன்றியதை அப்படியே மடித்து உள்ளே வைத்துவிடுவாள்.

அது ரொம்பச் சமத்தாகிவிட்டிருந்தது. முன்பெல்லாம் சன்னலில் ஒரு பூச்சி உட்கார்ந்தால் வீட்டை இரண்டாக்கும். இப்போது தூங்கியது. விழித்திருக்கும்போது ஊசியின் காலடிக்கு வந்து, நெற்றியை அவள் முழங்காலில் அழுத்திவைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். பாசம் என்று அவள் நினைத்தாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு அதன் காதுக்குப் பின்னால் தடவிக்கொடுப்பாள். கண் சிவந்திருக்கும். மருந்தால் சிவக்கும் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

ஒரு நாள் போனில் மாமியார் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"ஏன்டா, அது ஏன் என்னைப் பாக்க மாட்டேங்குது?"

"உம்மேல கோவம்மா. விட்டுட்டுப் போயிட்டல்ல."

"கோவம்னா மூஞ்சியத் திருப்பிக்கும். இது திருப்பிக்கவே இல்லையே."

நாய்க்குத் திரையில் எதுவும் சரியாகத் தெரியாது, அதற்கு அது வெறும் வெளிச்சம்தான் என்று டேப்பு ஏதோ அறிவியல் சொல்லிச் சமாளித்தான். மாமியார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "போனை அவகிட்ட குடு" என்றார். ஊசி வாங்கினாள். குழந்தை குளித்ததா, தூங்கியதா என்று அவளாகவே எதையெதையோ கேட்டாள். மாமியார் பாதியிலேயே வெட்டினார். "உன் குரல்ல எதையோ வச்சுத் தச்சிருக்க" என்றார். "வந்து பிரிச்சுப் பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு ஊசிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமியார் வந்து இடது பக்கத்தைப் பார்க்கும் அந்த ஒரு கணத்தை நினைத்து நினைத்தே நாள் போனது. பயம் முழுக்க இல்லாத கண்ணின் மேலேயே இருந்தது. இருக்கும் கண்ணை அவள் நாள் தவறாமல் திறந்து, மருந்து விட்டு, துடைத்துவிட்டாள், ஆனால் அதற்குள் பார்க்கவில்லை.

அவர் திரும்பி வருவதற்கு முந்தைய சாயங்காலம் அரங்கில் நாடகம். விளக்குகள் அணைந்தன. ஊசி படிகளில் இறங்கி, திரையைச் சுற்றி, மேசைக்கு வந்து, கை நீட்டிய இடத்தில் ஊசிப்பெட்டியை எடுத்து, நடிகையின் முதுகுக் கொக்கிகளைக் கழற்றினாள். அந்த அம்மாள் மூச்சு வாங்கியபடி சிரித்தார். "மினுங்குற டேப்பெல்லாம் தேஞ்சு போச்சு, எனக்கு ஒண்ணும் தெரியல. நீ எப்படி ஓடி வர்ற? பூனைக் கண்ணா உனக்கு?"

"கண்ணு எதுக்கு? எல்லாம் அதது இடத்துலதான இருக்கு" என்றாள் ஊசி.

சொன்ன பிறகு கொக்கியில் இருந்த அவள் விரல் நின்றுவிட்டது. ஏன் என்று யோசிக்க நேரமில்லை. விளக்கு வந்துவிட்டது.

மறுநாள் மதியம் மாமியார் வந்து இறங்கினார். இறங்கும் முன்பே, காரிலேயே சொல்லிவிடுவதாக இருந்த மகன், சொல்லவில்லை. வீட்டு வாசல் வரை பேச்சைக் குழந்தை மேலேயே நிறுத்தி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். முதலில் பெட்டியை உருட்டி உள்ளே விட்டான். பதற்றத்தில் அதை எங்கே நிறுத்துகிறோம் என்று அவன் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஒரு சாமானை அடையாளம் இல்லாத இடத்தில் வைத்தான். கூடத்துப் பாதையின் நட்ட நடுவில் அந்தப் பெரிய பெட்டி நின்றது.

"பட்டாணிக் கண்ணு" என்று வாசலில் குரல் கேட்டது.

நாய் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தது. இத்தனை வாரமாக ஓடாதது, நாலு காலும் தரையில் பாவாமல் ஓடிவந்தது. பாதை அதற்குத் தெரியும். கிண்ணத்தைத் தாண்டியது. மேசையைத் தாண்டியது. வேகம் குறையாமல் போய்ப் பெட்டியில் மோதியது. மோதிய சத்தத்துக்குப் பிறகு ஒரு சின்னக் கீச்சு. அவ்வளவுதான்.

மாமியார் கைப்பையை அப்படியே போட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து நாயை வாரி எடுத்தார். தடவிக்கொடுத்த விரல் இடது பக்கத்துக்கு வந்து நின்றது. தையல் தழும்பின் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"கண்ணு எங்கடா?"

டேப்பு சொன்னான். எல்லாவற்றையும், ஒன்றுக்குள் ஒன்று சிக்க, மூச்சுவிடாமல் சொன்னான். கடைசியில், "அந்தப் பக்கம் தெரியாதும்மா, அதான் இடிச்சிருச்சு. பெட்டியை நான் அங்க வச்சிருக்கக் கூடாது. என் தப்பு" என்றான். மாமியார் மகனைப் பார்க்கவில்லை. நாயின் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஊசி சுவரோரம் நின்றாள். அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. சொன்னால் இந்த வீட்டில் இனி அவள் தலை நிமிர முடியாது. சொல்லாமல் விட்டால், இடது பக்கம்தான் இடித்தது என்று எல்லோருக்கும் ஆறுதலாகிவிடும். மாமியார் அழுவார், பிறகு தேறுவார்.

"வலது பக்கம்தான் இடிச்சுது" என்றாள்.

"இல்ல, நான் பாத்தேன், இடது பக்கம்" என்றான் டேப்பு.

"நீங்க அத்தையப் பாத்துட்டிருந்தீங்க. நான் பட்டாணியப் பாத்துட்டிருந்தேன்."

தனியாக இருக்கும்போது நீ, டேப்பு என்று கூப்பிடுகிறவள், மாமியார் முன்னால் மட்டும் நீங்க என்பாள். அந்த மரியாதையே இப்போது சாட்சிக் கூண்டில் நிற்பவள் பேச்சு மாதிரி கேட்டது. அவன் முகம் இறுகியது. ஒரு தடவை இடித்ததற்காக இல்லாததை எல்லாம் கற்பனை செய்யாதே, ஓடிவந்த வேகம் அது, யாராக இருந்தாலும் இடித்திருக்கும் என்றான்.

அவள் விவாதம் செய்யவில்லை. போய்ப் பெட்டியை ஓரமாகத் தள்ளினாள். பிறகு சாப்பாட்டு மேசையடியிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கினாள். அதன் நாலு காலும் இருந்த இடத்தில் நாலு வெள்ளை டேப் துண்டுகள் வெறுமையாகத் தெரிந்தன. நாற்காலியைப் பாதையில் வைத்து, அதன் காலடியில் ஒரு தலையணையைச் சாத்தினாள். நாயை வாங்கிக் கொண்டுபோய்ப் படுக்கையில் விட்டுவிட்டு, கிண்ணத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். சன்னல் வழியாக நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"பட்டாணி, வா" என்றாள்.

பட்டாணி எழுந்தது. வழக்கமான அந்த அழகான நடை. தலை நேராக, காது விறைத்து, ஒரு தயக்கமும் இல்லாமல். வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. பின்வாங்கவில்லை, சுற்றிப் போகவும் இல்லை. இங்கே ஒன்றும் இருக்கக் கூடாதே என்று யோசிக்கிற மாதிரி அப்படியே நின்றது.

டேப்பு கார்ச் சாவியைத் தேடினான். அது எப்போதும் இருக்கும் ஆணியில்தான் இருந்தது. அவனுக்குத்தான் கண்ணில் படவில்லை.

டாக்டர் அறை விளக்கை அணைத்து, சின்ன வெளிச்சத்தை அந்தக் கண்ணுக்குள் பாய்ச்சிப் பார்த்தார். அழுத்தம் அளந்தார். மறுபடி ஒரு தடவை அளந்தார். விளக்கைப் போட்டபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் ஊசிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எப்ப இருந்து இடிக்குது?"

"இன்னைக்குத்தான் டாக்டர்" என்றாள் ஊசி.

"இது இன்னைக்கு ஏறுன அழுத்தம் இல்லையேம்மா. கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கு. நாலைஞ்சு நாளாவது சரியாத் தெரியாம நடந்திருக்கும். இதுக்கு முன்னாடி எதுலயுமே இடிக்கலயா?"

டேப்பு தன் மணிக்கட்டில் இருந்த டேப் சுருளைப் பார்த்தான்.

"இடிக்கிறதுக்கு வீட்டுல எதுவும் இல்ல டாக்டர்" என்றான்.

டாக்டருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் அதைப் பற்றி மேலே கேட்கவில்லை. நெற்றியை எங்கேயாவது அழுத்திக்கொண்டு நின்றதா என்று மட்டும் கேட்டார். ஊசி தலையசைத்தாள். தலைவலி எடுத்தால் நாய்கள் அப்படித்தான் செய்யும் என்றார் டாக்டர். ஊசியின் கை தன்னையறியாமல் முழங்காலுக்குப் போயிற்று. வலிக்கிறது, வலிக்கிறது என்று அது வந்து வந்து சொல்லிய இடம். அவள் தடவிக்கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நரம்பு வழியாக மருந்து ஏற்றி, அங்கேயே வைத்து அழுத்தத்தை இறக்கப் பார்க்க வேண்டும். பார்வையில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இப்போது எதையும் சொல்வதற்கில்லை என்று நாயை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

திரும்பும் வழியில் மாமியார் பின்சீட்டில் மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மருமகளின் காலி மடியில் அந்தப் பழைய துண்டு. ஊசி காத்திருந்தாள். அவர் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டால் நல்லது என்று இருந்தது.

"போன்லயே எனக்குத் தட்டுச்சு" என்றார் மாமியார். "அது பாக்கலைன்னு நானே சொன்னேன். நீங்க ஒண்ணுமில்லன்னதும் சரின்னு விட்டுட்டேன். ஊர்ல இருக்கிறவன் பொய்யெல்லாம் கண்டுபிடிச்சவ, எனக்கு நல்லது கேக்கணும்னு இருந்துச்சு, கேட்டுக்கிட்டேன்." பிறகு எக்ஸ்சேஞ்சில் லைனைத் துண்டிக்கிற குரலில், "இனிமே எங்கிட்ட நல்ல சேதி மட்டும் சொல்ற வேலைய ரெண்டு பேரும் வச்சுக்காதீங்க. கேக்குதாடா முன்னாடி?" என்றார்.

முன்னாலிருந்து, கேட்குது என்று பதில் வந்தது. சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவன் அழுதுகொண்டிருந்தான்.

சில நாட்களில் பட்டாணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அழுத்தம் இறங்கியிருந்தது. ஒரு ஓரத்தில் கொஞ்சம் பார்வை நின்றிருக்கலாம் என்று நினைப்பதாக டாக்டர் சொன்னார். எவ்வளவு நாள் நிற்கும் என்று அவர் சொல்லவில்லை. மறுபடி ஏறினால் இந்தக் கண்ணும் முதல் கண்ணின் வழிதான் என்பதை மட்டும் சொன்னார். சாமான்கள் எல்லாம் அதனதன் இடத்திலேயே இருக்கட்டும், நாய்க்கு அது உதவிதான் என்றார். ஆனால் தினமும் காலையில், வெளிச்சத்தில், மெத்தென்று வெள்ளையாக ஒன்றை அதன் வழியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். அந்தத் தூரம் குறைந்தால், அன்றே.

ஊசி வெள்ளைத் துணியில் ஒரு சின்ன மெத்தை தைத்தாள். வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்தாள். முதல் நாள் காலை டேப்புதான் அதை வைப்பதாக இருந்தது. அவன் குனிந்து வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். அவன் கை, அவனைக் கேட்காமலே, அதைப் பாதைக்கு வெளியே, நாற்காலிக் காலுக்கு நேராக, ஒழுங்காகக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தது. "என்னால முடியல, நீயே வை" என்றான். அம்மா முன்னால் அவன் அவளிடம் தோற்றுப்போய் நின்றது அதுதான் முதல் தடவை.

ஊசி பாதையின் குறுக்கே வைத்தாள். மூன்று பேரும் ஒதுங்கி நின்றார்கள். பட்டாணி வந்தது. மெத்தைக்கு முன்னால் நின்றது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, அந்த ஓரத்தால், பார்த்தது. மூக்குக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு கை அகலம் இருந்தது. பிறகு சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்தது.

மாமியார் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். டேப்பு அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். அன்று வீட்டில் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு காலை என்றாலே அந்த வீட்டில் ஒரு மௌனம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மெத்தை ஒரு நாள் மேசையருகே, ஒரு நாள் வாசலருகே, ஒரு நாள் சன்னல் நிழலில். பட்டாணி வரும். நிற்கும். ஒரு கை அகலம். அதன் பிறகுதான் காபி, குளியல், பேச்சு எல்லாம். மாமியார் தன் மகளுடன் பேசும்போதும், முதலில் அந்தச் சேதியைச் சொல்லிவிட்டுத்தான் குழந்தையைப் பற்றிக் கேட்டார்.

ஒரு காலையில் மெத்தையை வாசலுக்கு உள்ளே, வெயில் நேராக விழும் இடத்தில் ஊசி வைத்தாள். வெள்ளைத் துணி கண்ணைக் கூசவைத்தது. பட்டாணி படுக்கையிலிருந்து இறங்கி வந்தது. காது விறைத்திருந்தது. வந்தது. இன்னும் வந்தது. நின்றது.

நின்றுவிட்டது என்று டேப்பு மூச்சுவிட்டான். "பாத்தியா, நின்னுருச்சு" என்று சிரிக்கவும் செய்தான். அவன் நின்ற இடத்திலிருந்து அப்படித்தான் தெரிந்திருக்கும். ஊசி தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். நாயின் மூக்குக்கும் மெத்தைக்கும் நடுவில் தன் உள்ளங்கையைக் கொண்டுபோனாள். கை நுழையவில்லை. விரல்கள் மட்டும் நுழைந்தன.

சுவரோரத்து நாற்காலியிலிருந்து மாமியார் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாயைப் பார்க்கவில்லை, அவளைத்தான்.

"சொல்லும்மா" என்றார்.

பட்டாணி ஒரு அடி எடுத்து வைத்து, தேடி வந்து, நெற்றியை அவள் முழங்காலில் அழுத்தியது.

"குறைஞ்சிருக்கு அத்தை" என்றாள் ஊசி.

மாமியார் எழுந்து செருப்பைத் தேடினார். எழுந்த வேகத்தில் நாற்காலி கோணலாகத் திரும்பி, ஒரு கால் டேப்பை விட்டு நகர்ந்து நின்றது. டேப்பு அதைப் பார்த்தான். நேராக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினான்.